லாவெண்டர் நாட்டில் கார் தொல்லையில்லாத சாலைகள்

கேள்வி இது: “ஜூலை முதல் பாதியில் தெற்கு பிரான்ஸ் போகிறோம். நானும் மனைவியும் ரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்கள். ஒரு நாளைக்கு 60, 70 கி.மீ. போவோம், பந்தயம் கிந்தயம் எல்லாம் இல்லை. லாவெண்டர் வயல்களுக்கு நடுவே, கார் தொல்லை இல்லாமல் ஓட்ட எந்தச் சாலைகள் நல்லவை? வலான்சோலில் அறை எடுக்கலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வலான்சோலில் அறை எடுக்க வேண்டாம். ஒரு விடியற்காலை போய்ப் பாருங்கள், அது போதும். தங்குவதற்கு மோன் வாந்தூ மலையின் கிழக்கே இருக்கும் சோ என்கிற சின்ன ஊரைப் பிடியுங்கள். எழுத்தைப் பார்த்து ‘சால்ட்’ என்று வாசித்துவிடுவோம், ஆனால் வாயில் வருவது வெறும் ‘சோ’தான். பஸ் ஓட்டுநரிடம் சால்ட் என்று கேட்டுவிட்டு விழித்த அனுபவம் எனக்கு உண்டு.

ஏன் சோ என்பதற்குச் செடியிலிருந்து தொடங்க வேண்டும். நாம் லாவெண்டர் என்று ஒரே பெயரில் சொல்வது அங்கே இரண்டு பயிர். ஒன்று அசல் லாவெண்டர். குட்டையான செடி, ஒரு தண்டுக்கு ஒரே கதிர். உயரமும் குளிரும் அதற்கு வேண்டும். ‘ஓத் புரோவான்ஸ் லாவெண்டர் எண்ணெய்’ (புரோவான்ஸ் என்பது இந்தப் பகுதியின் பெயர், ஓத் என்றால் மேல்) என்று 1981-இல் பிரான்ஸ் அரசு கொடுத்த பெயர்க் காப்பு, 800 மீட்டருக்கு மேலே விளைந்ததற்கு மட்டும்தான். இன்னொன்று லாவண்டின். அசல் லாவெண்டரும் தாழ்வான இடத்து இன்னொரு வகையும் கலந்து பிறந்தது. விதை பிடிக்காது, தண்டை வெட்டி நட்டுத்தான் வளர்ப்பார்கள். உருண்டு திரண்ட பெரிய செடி, நல்ல அடர் நிறம், கொஞ்சம் கற்பூர நெடி. அசல் லாவெண்டரில் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 130 கிலோ பூ வேண்டுமென்றால் லாவண்டினில் 40 கிலோ போதும். எந்த விவசாயி எதைப் போடுவார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வலான்சோல் பீடபூமி 500, 600 மீட்டர் உயரத்தில் கிடக்கும் சமவெளி மாதிரி. நீங்கள் பார்த்திருக்கும் படங்களில் பெரும்பாலானவை அங்கே எடுத்தவை, அந்தச் செடிகளில் பெரும்பாலானவை லாவண்டின். நெடுஞ்சாலைக்குப் பக்கம், கார் நிறுத்த இடம், நேர்கோட்டில் வரிசை என்று படத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே உண்டு. 2007-இல் ஒளிபரப்பான ஒரு சீனத் தொலைக்காட்சித் தொடரை இந்தப் பக்கத்தில் படம் பிடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு வரும் கூட்டம் தனிக்கதை. மனோஸ்கிலிருந்து வலான்சோல் வழியாக ரியெஸ் போகும் டி6 என்ற மாவட்டச் சாலையில் ஜூலை மாதம் காலை பத்து மணிக்குச் சைக்கிளில் போவது புத்திசாலித்தனம் இல்லை. கார்கள் திடீரென்று ஓரம் கட்டும், பார்க்காமல் கதவைத் திறப்பார்கள், மணப்பெண் உடையில் ஒருவர் பின்பக்கமாக நடந்து சாலைக்கே வந்துவிடுவார். வேகமாகப் போகிற லாரியை விட இது எனக்குப் பயம்.

இருந்தாலும் தெற்கே போய்விட்டு அதைப் பார்க்காமல் வருவதும் மனதுக்கு ஒப்பாது. ஆறு மணிக்கு, சூரியன் எழும்பும் நேரத்தில், ரியெஸிலிருந்து கிளம்புங்கள். ஊருக்கு வெளியே வயலில் நான்கு ரோமானியத் தூண்கள் தனியாக நிற்கும், அதைப் பார்த்துவிட்டு வடக்கே புயிமுவாசோன். அங்கிருந்து மேற்கே திரும்பி, பீடபூமியைக் குறுக்கே வெட்டி வலான்சோலுக்கு வரும் சின்னச் சாலைகளில் ஒன்றைப் பிடித்தால் கோதுமையும் லாவண்டினும் மாறி மாறி வரும், நடுநடுவே வாதுமை மரங்கள். கார் விரல் விட்டு எண்ணலாம். வலான்சோலில் ஒரு காபி குடித்துவிட்டு டி6 வழியாக ரியெஸுக்குத் திரும்பிவிடலாம். மொத்தம் 40 கி.மீ.க்குப் பக்கம். ஒன்பது மணிக்குள் இந்தக் கடைசிப் பகுதியை முடித்துவிடுங்கள் என்பது மட்டும் நிபந்தனை. நிழல் எங்கேயும் கிடையாது.

பூக்கும் காலமும் உயரத்தைப் பொறுத்தது. வலான்சோலில் ஜூன் பின்பாதியில் நிறம் ஏறி, ஜூலை நடுவில் அறுவடை இயந்திரம் இறங்கிவிடும். சோ பக்கம் ஜூலை முழுக்க நிற்கும், அறுப்பு ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும். நீங்கள் போகும் தேதிக்கு இரண்டும் கிடைக்கும், ஆனால் வலான்சோலை முதல் வாரத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஒரு எச்சரிக்கை. போன வருஷத்துப் படத்தைக் காட்டி அதே வயலைத் தேடாதீர்கள். தத்துப்பூச்சி ஒன்று பரப்பும் நோயால் செடிகள் பட்டுப்போகின்றன. போதாததற்கு லாவண்டின் எண்ணெய் தேவைக்கு மேல் பெருகி விலை விழுந்ததில் பலர் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்குப் போய்விட்டார்கள்.

இனி சோ. கிட்டத்தட்ட 760 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. சதுக்கத்துக்குப் பக்கத்துத் திட்டிலிருந்து கீழே பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்க ஊதாவும் பொன்னிறமுமாகப் பாய் விரித்தது போல இருக்கும். பொன்னிறம் என்பது கோதுமையும், ‘பெத்தித் எப்போத்ர்’ என்று அவர்கள் சொல்லும் பழங்காலத்துச் சிறுகோதுமையும். புதன்கிழமை சந்தை 1515-இலிருந்து நடக்கிறது. இந்த ஊரை மையமாக வைத்துக்கொண்டால் மூன்று நாள் மூன்று திசையில் ஓட்டலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

போய்ச் சேரும் நாளையே ஒரு நல்ல ஓட்டமாக மாற்ற முடியும். அவிஞ்ஞோனிலிருந்து கார்பந்த்ராவுக்கு ரயில் உண்டு. நெடுங்காலம் பயணிகள் வண்டி இல்லாமல் கிடந்த பாதை, 2015-இல் திரும்பத் திறந்தார்கள். வட்டார ரயிலில் இடம் இருந்தால் சைக்கிளை அப்படியே ஏற்றிவிடலாம். கார்பந்த்ராவிலிருந்து திராட்சைத் தோட்டங்கள் வழியாக வில்-சுர்-ஓசோன், அங்கிருந்து டி942. அதுதான் நெஸ்க் ஆற்றின் பிளவு. ஏறத்தாழ 20 கி.மீ. தூரத்துக்கு மலைச்சுவரில் ஒட்டிக்கொண்டே போகும் சாலை, ஆனால் ஏற்றம் இரண்டு மூன்று சதவீதம்தான். பேசிக்கொண்டே ஏறலாம். பாறையைக் குடைந்த குட்டிக் குகைகள் சில வரும், பின்விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். 734 மீட்டரில் காஸ்தெலராஸ் பார்வைமேடை. எதிரே ‘ரொஷே து சீர்’, மெழுகுப் பாறை என்று பொருள். காட்டுத்தேனீக்கள் கூடு கட்டித் தேன் வழிந்த செங்குத்துப் பாறை. புரோவான்ஸ் மொழிக்கவி பிரெதெரிக் மிஸ்த்ரால் அதைப் பாடியிருக்கிறார், அவர் வரிகளைச் செதுக்கிய கல் அந்த மேடையில் இருக்கிறது. பெரும்பாலான கார்கள் வேறு நேர்வழியில் சோவுக்குப் போய்விடுவதால் இந்தச் சாலை சைக்கிளுக்கே விட்டுவைத்தது போல இருக்கும். ஞாயிறு மட்டும் வேண்டாம், மோட்டார் சைக்கிள் சத்தம் பாறையில் மோதி இரட்டிப்பாகும். மேடையிலிருந்து இறங்கி மோனியூவை நெருங்கும்போது முதல் லாவெண்டர் வயல் தெரியும்.

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தின் உச்சம் சோவுக்கு வடகிழக்கே போகும் சுற்றுதான். சோ, ஒரெல், மோன்ப்ரன், மக்குவேஞ் கணவாய், செதெரோன், லொம் மோர் கணவாய், ஃபெராசியேர், மறுபடி சோ. 60 கி.மீ. சொச்சம், ஏற்றம் கூட்டினால் ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இதே வரிசையில், கடிகாரம் சுற்றும் திசையில் போங்கள்; காரணம் கீழே சொல்கிறேன்.

முதல் ஐந்து கி.மீ.யிலேயே ஒரெல். சாம்பல் நிறக் கல்வீடுகள், கோட்டை போன்ற தேவாலயம், அதன் காலடியில் வரிசை வரிசையாக லாவெண்டர். இந்தப் பகுதியில் அதிகம் படம் பிடிக்கப்படும் இடம் இது, ஆனால் ஏழு மணிக்கு உங்களையும் தேனீக்களையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். சைக்கிளை நிறுத்தினால் வயலே இரைவது கேட்கும். வரிசைகளுக்குள் இறங்கி நடக்காதீர்கள். அது ஒருவருடைய பிழைப்பு. அங்கிருந்து மோன்ப்ரனுக்கு நீண்ட இறக்கம். கந்தக ஊற்று உள்ள ஊர், நீரூற்றுக் குளியலுக்கென்றே ஆட்கள் வருவார்கள். ரொட்டிக்கடையில் வாங்க வேண்டியதை இங்கேயே வாங்கி முதுகுப் பையில் திணித்துவிடுங்கள்.

பிறகு மக்குவேஞ், 1,068 மீட்டர். பதினோரு கி.மீ. போல நிதானமான ஏற்றம், பாரே-த-லியூர் என்ற கிராமத்தைத் தாண்டிப் போகும். ஒரு மணி நேரத்தில் நான் எண்ணியது ஆறு கார். அதில் ஒன்று தபால் வண்டி. மறுபக்கம் செதெரோனுக்கு இறங்கி, தண்ணீர் பிடித்துக்கொண்டு, தெற்கே திரும்பி இரண்டாவது கணவாய். ‘லொம் மோர்’ என்றால் செத்த மனிதன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், 1,213 மீட்டர்தான், சரிவும் முரட்டுத்தனமானது இல்லை. பைன் மரக் காடு, கொஞ்சம் மேய்ச்சல் நிலம், பிறகு உச்சி. நான் சொல்ல வந்த சாலை உச்சிக்கு அந்தப் பக்கம் தொடங்குகிறது. ஃபெராசியேர் வரை பெடலை மிதிக்காமலே போகலாம் என்கிற அளவுக்கு மெல்லிய இறக்கம், இரண்டு பக்கமும் லாவெண்டர், மேற்கே மொட்டைத்தலையோடு மோன் வாந்தூ. ஆயிரம் மீட்டர் உயரத்துப் பூ என்பதால் கீழே பார்த்த கொழுத்த உருண்டைகள் இல்லை. நிறமும் சற்று வெளிறியது. வாசனைதான் வேறு. நீலகிரியில் தைலம் காய்ச்சும் கொட்டகைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், காற்றே எண்ணெயாக இருப்பது போல ஒரு கனம் வரும். இங்கே அது மெலிதாக, தித்திப்பாக வரும். அறுவடை தொடங்கிவிட்டால் வடிசாலைக்குப் போகும் டிராக்டரின் பின்னால் மாட்டிக்கொண்டாலும் கோபம் வராது.

தெற்கே இருப்பது அல்பியோன் பீடபூமி. சோ, சேன்-கிறிஸ்தோல், சிமியான்-லா-ரொதோந்த், பனோன், ரெவெஸ்த்-து-பியோன், சேன்-திரினி வழியாகத் திரும்பினால் சுமார் 70 கி.மீ. ஆளரவமே இல்லாத இடத்தில் சில சாலைகள் தேவைக்கு மேல் அகலமாக இருக்கும். 1971-லிருந்து 1996 வரை பிரான்ஸின் நிலத்தடி அணு ஏவுகணைகள் இங்கேதான் இருந்தன, பீடபூமி முழுக்கச் சிதறலாகப் பதினெட்டுக் குழிகள். ஏவுகணை சுமந்த வண்டிகள் போவதற்காக அகலப்படுத்திய சாலைகளில் இன்று நாம் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் போகிறோம். குழிகளை மூடிவிட்டார்கள், வேலி போட்ட சில இடங்கள் லாவெண்டருக்கு நடுவே இன்னும் தெரியும். நிலத்தடிக் கட்டளை மையங்களில் ஒன்று ருஸ்திரெல் ஊரில் ஆய்வுக்கூடமாகிவிட்டது. சிமியான் கீழே இருக்கும் வயல்களுக்கு மேல் குன்றில் ஏறி நிற்கும் ஊர், உச்சியில் பன்னிரண்டாம் நூற்றாண்டு வட்டக் கோபுரம். பனோனில் கஷ்கொட்டை இலையில் சுற்றிக் கட்டிய ஆட்டுப்பால் சீஸ் கிடைக்கும். மதியம் ரொட்டியோடு அதைச் சாப்பிட்டுவிட்டு ரெவெஸ்த் வரை ஏறுவது கஷ்டம், ஆனால் சாப்பிடாமல் வருவது அதைவிடக் கஷ்டம்.

மோன் வாந்தூ? அது அமைதிக்கான சாலை இல்லை. ஜூலையில் உலகத்தின் பாதிச் சைக்கிள்காரர்கள் அங்கேதான். கால் துறுதுறுத்தால், உச்சிக்கு ஏறும் மூன்று வழிகளில் சோவிலிருந்து போவதே மென்மையானது, 26 கி.மீ., சராசரி நாலரை சதவீதம். அதிலும் முதல் 20 கி.மீ., ஷாலே ரெனார் என்கிற இடம் வரை, லாவெண்டரும் காடுமாக அருமையான சாலை. அங்கே காபி குடித்துவிட்டுத் திரும்புவதில் எந்த வெட்கமும் இல்லை. மீதி ஆறு கி.மீ. வெள்ளைக் கல்லும் வெயிலும் காற்றும். 1967 ஜூலை 13 அன்று டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் விழுந்து இறந்தது அந்தப் பகுதியில்தான்.

செனான்க் மடத்தைப் பற்றியும் கேட்பார்கள். 1148-இல் தொடங்கிய சிஸ்தர்சியன் மடம், முன்னால் ஒரு சின்ன லாவெண்டர் வயல். அழகுதான். ஆனால் அந்தச் சாலையில் பஸ்ஸும் வாடகைக் காரும் நெருக்கியடிக்கும். பொழுது விடிந்ததும் போக முடிந்தால் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கால் ஓய்வு கேட்கும் நாளுக்குக் கலவோன் பாதை இருக்கிறது. கவையோனிலிருந்து அப்த் வழியாகப் பழைய ரயில் தடத்தைத் தார் போட்டு 37 கி.மீ. போலச் சைக்கிளுக்கு விட்டிருக்கிறார்கள். லாவெண்டர் குறைவு, திராட்சையும் செர்ரியும்தான். ஆனால் ஏற்றமே தெரியாது, கி.மு. 3-இல் கட்டிய ஜூலியன் பாலத்துக்குப் பக்கத்தில் போகும். அந்தப் பாலத்தில் 2005 வரை கார் போயிருக்கிறது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

இன்னும் ஆளில்லாத இடம் வேண்டுமென்றால் வடக்கே பரோனி மலைகள். புயி-லெ-பரோனியிலிருந்து ஊவேஸ் ஆற்றோடு சேன்-தோபான் வரை போய் பெர்தி கணவாய், 1,302 மீட்டர். வழியில் ஆப்ரிகாட், இலுப்பை போல மணக்கும் லிண்டன் மரம், ஒலிவம், மேலே போகப் போக லாவெண்டர். ரெமுசா பக்கம் தலைக்கு மேல் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமடிக்கும். அற்றுப்போன இனத்தை 1996-இலிருந்து திரும்ப விட்டுப் பெருக்கியிருக்கிறார்கள். நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது அவை மேலே சுற்றுவதைப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

நான் சொன்னது போக நீங்களே சாலை தேட வேண்டி வரும். அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி போன் இல்லை, காகித மிஷ்லின் வரைபடம். சிவப்புச் சாலையை விடுங்கள், மஞ்சளை யோசித்து எடுங்கள், வெள்ளையை நம்பி எடுங்கள். வெள்ளைச் சாலை ஓரத்தில் பச்சைக் கோடு போட்டிருந்தால் அது காட்சியுள்ள பாதை, கண்ணை மூடிக்கொண்டு போகலாம். டி என்ற எழுத்துக்குப் பின்னால் மூன்று இலக்கம் வந்தால் பொதுவாக அமைதி. நெஸ்க்கின் டி942 இந்தக் கணக்குக்குப் பொருந்தும், ஆனால் விதிவிலக்கும் உண்டு.

கடிகாரத் திசை என்று சொன்னேனே, அது மிஸ்திரால் காற்றுக்காக. வடக்கு, வடமேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. வீசத் தொடங்கினால் வானம் கழுவிவிட்டது போல நீலமாகும், சைக்கிள் நிற்கும். காலையில் புத்துணர்ச்சியோடு எதிர்காற்றை வாங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டால், களைத்துத் தெற்கே திரும்பும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளும்.

வெயிலை லேசாக எடுக்காதீர்கள். நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்கள்தானே என்று நானும் நினைத்தேன். காற்றில் ஈரம் இல்லாததால் வேர்ப்பதே தெரியாது, தண்ணீர் தீர்ந்த பிறகுதான் தலை சுற்றும். இரண்டு பாட்டில் கட்டாயம். ஊர்க் குழாய்களில் ‘ஓ நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. எதுவும் கிடைக்காவிட்டால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், செடிக்கு ஊற்றுவதற்கு அங்கே குழாய் இருக்கும். பிரான்ஸில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சாப்பாடு இன்னொரு கண்ணி. பகல் பன்னிரண்டரைக்குக் கடை மூடினால் மூன்று, நாலு மணிக்குத்தான் திறக்கும். ஒரு கிராமத்தில் கதவு சாத்தி ஐந்து நிமிடத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்து, பையில் இருந்த ஒரே வாழைப்பழத்தை இரண்டாக வெட்டித் தின்று கணவாய் ஏறியிருக்கிறேன்.

ஊருக்கு வெளியே உங்களைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம், கிராமத்து ஓட்டுநர்கள் பெரும்பாலும் அதற்கு மேலேயே விடுகிறார்கள். ‘கிராவியோன்’ என்ற பலகை கண்ணில் பட்டால் வேகத்தைக் குறையுங்கள். கோடையில் தார் ஊற்றிச் சின்ன ஜல்லியை மேலே கொட்டிவிட்டு, கார்களே அழுத்திக்கொள்ளட்டும் என்று போய்விடுவார்கள். 28 மி.மீ. டயர் போட்டால் நிம்மதி. முன் பல்சக்கரத்தில் 34, பின்னால் 32 பல் இருந்தால் நான் சொன்ன எந்த ஏற்றத்திலும் இறங்கித் தள்ள வேண்டி வராது.

சோவில் ஜூலைக்கு அறை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகஸ்ட் 15 வரை இருப்பதாகத் திட்டம் மாறினால் இன்னும் முன்னாலேயே பிடியுங்கள், அன்று அங்கே லாவெண்டர் திருவிழா, அரிவாளால் பூ அறுக்கும் போட்டி நடக்கும். கிடைக்கவே இல்லையென்றால் மோன்ப்ரனில் பாருங்கள். என் வடகிழக்குச் சுற்றை அங்கிருந்தே தொடங்கலாம், மக்குவேஞ் மட்டும் காலைக் காபி இறங்குவதற்கு முன்னால் வந்துவிடும்.